தாஷ்கண்டில் ஒரு பெரட்டு

என் தம்பி பெண்டாட்டி துளசி, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பாமல் தாஷ்கண்டில் வீட்டில் வைத்துப் படிப்பிக்கிறாள் என்று கேள்விப்பட்ட அன்றைக்கு நான் சொன்ன முதல் வார்த்தை "கிறுக்கு". தொலைபேசியில், அவள் காதில் விழும்படியாகவே சொன்னேன். நான் ஈப்போவில் ஒரு தமிழ்ப்பள்ளியில் கேன்டின் நடத்துகிறவள். பிள்ளைகள் என்றால் வரிசையில் நிற்க வேண்டும், ஒருத்தனை ஒருத்தன் இடிக்க வேண்டும், தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்கில் நெத்திலி குறைகிறது என்று என்னிடம் சண்டைக்கு வர வேண்டும். நான்கு சுவருக்குள் வளர்ந்த பிள்ளை நாளைக்குப் பேருந்தில் டிக்கெட் கேட்கத் தெரியாமல் முழிக்கும் என்பது என் கட்சி.

தம்பி ஜெயபாலன் வெளியுறவு அமைச்சில் சாதாரண நிர்வாக ஊழியன். உஸ்பெகிஸ்தானில் இருக்கும் நம் மலேசியத் தூதரகத்துக்கு மாற்றல் வந்தபோது ஷர்மினிக்கு ஏழு வயது, ஷர்வினுக்கு ஐந்து. அங்கே ஆங்கிலத்தில் சொல்லித் தரும் பள்ளியில் அந்த வருஷம் இடமில்லை. உள்ளூர்ப் பள்ளியில் பேசும் மொழி இவர்களுக்குப் புரியாது. ஒரு வருஷம் வீட்டில் சமாளிப்போம் என்று ஆரம்பித்தார்கள். ஒன்று நாலாகிவிட்டது. ஷர்வின் பள்ளிக்கூடம் என்ற ஒன்றின் வாசற்படியை மிதித்ததே இல்லை.

போன மாதம்தான் திரும்பி வந்தார்கள். தம்பி புத்ராஜெயாவில் வேலைக்குப் போய்விட்டான். துளசியும் பிள்ளைகளும் குனோங் ராப்பாட்டில் என் வீட்டில். வந்து மூட்டையை அவிழ்ப்பதற்குள் அடுத்த மாற்றல் உத்தரவு, மூன்று வருஷத்துக்கு. டாக்கார். ஆப்பிரிக்காவாம். கைத்தொலைபேசியில் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். கடலின் விளிம்பில் ஒட்டிக்கொண்டிருந்தது.

தம்பி ஒரு நிபந்தனை போட்டான். போனைச் சத்தமாக வைத்து எங்கள் இருவரிடமும்தான் சொன்னான்.

"இங்க நம்ம பள்ளிக்கூடத்துலயே பார்த்துச் சொல்லட்டும். வயசுக்குத் தக்க படிக்கிறாங்கன்னா நாலு பேரும் டாக்கார் போலாம். பின்தங்கியிருக்காங்கன்னா நீயும் பிள்ளைங்களும் அக்கா வீட்டுல இருங்க. நான் மட்டும் போறேன். என் வேலைக்காக அதுங்க படிப்பு பாழாகக் கூடாது."

துளசி சரி என்றாள். பிள்ளைகள் பின்தங்கியிருந்தால் அவளுக்கு இரண்டு அடி. மூன்று வருஷம் புருஷனைப் பிரிந்து இருக்க வேண்டும், அதோடு நாலு வருஷம் அவள் செய்ததெல்லாம் வீண் என்று ஊர் எழுதிக் கொடுத்த மாதிரியும் ஆகும். என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், ஒளிக்க என்ன இருக்கிறது? என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார். மகன் ரூபன் சிங்கப்பூரில், தீபாவளிக்கு வருவான், மறுநாள் போவான். இந்தப் பிள்ளைகள் வந்த பிறகு என் வீட்டில் பேச்சுச் சத்தத்துக்காக டிவியைப் போட்டு வைக்க வேண்டிய அவசியம் இல்லை. அவர்கள் இங்கேயே இருந்துவிட வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். கோயிலில் அர்ச்சனைகூட வைத்தேன். எதற்கென்று ஐயர் கேட்டதற்கு "குடும்ப ஒற்றுமை" என்றேன்.

அவர்கள் வந்த மறுநாள் காலையில் டங் டங் டங் என்று ஒரு சத்தம். கேஸ் சிலிண்டர்தான் விழுந்துவிட்டது என்று நைட்டியோடு ஓடி வந்தேன். கூடத்தில் துளசி என் பழைய மைலோ டின்னைக் கையில் பிடித்துக்கொண்டு கரண்டியால் தட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் இருவரும் தலை சீவி, சட்டையை உள்ளே விட்டு, சோபாவுக்கு முன்னால் வரிசையாக நின்றார்கள்.

"என்னாம்மா இது, வீட்டுல ராணுவமா நடத்துற?"

"ராணுவம் இல்லக்கா, பெரட்டு. தோட்டத்துல காலையில ஆளுங்கள நிக்க வச்சு வேலை பிரிச்சுக் கொடுப்பாங்கல்ல, அது."

எனக்கு எங்கே தெரியும்? நான் புந்தோங்கில் பிறந்து டவுனிலேயே வளர்ந்தவள். ரப்பர் மரத்தைப் பேருந்து ஜன்னலில் பார்த்ததோடு சரி. துளசி கோப்பெங் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள். அந்தத் தோட்டம் இப்போது இல்லை, அங்கே வீடமைப்புத் திட்டம் வந்து வாசலில் பாதுகாவலர் நிற்கிறார். எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்த இத்தனை வருஷத்தில் அவள் தோட்டத்தைப் பற்றி வாயைத் திறந்ததில்லை. டவுன்காரர்களான நாங்கள் சிரிப்போம் என்று நினைத்திருப்பாள். சிரித்திருப்போம்தான்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே குறுகுறுப்பு. இவள் என்னதான் செய்கிறாள்? கேன்டினிலிருந்து திரும்பியதும் கூடத்தின் பக்கம் எனக்கு வேலைகள் முளைக்க ஆரம்பித்தன. பெருக்கிய இடத்தையே பெருக்கினேன். திரைச்சீலையைக் கழற்றி மாட்டினேன். காது மட்டும் அங்கேயே.

பாட நேரத்தில் அவளை அம்மா என்று கூப்பிடக் கூடாது. தண்டல் என்றுதான் கூப்பிட வேண்டும். தோட்டத்தில் ஆட்களை மேய்க்கிற கங்காணிக்கு அந்தப் பெயராம். ஷர்வின் கையைத் தூக்கி, "தண்டலு, ஒண்ணுக்கு" என்று கேட்டபோது எனக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் சமையலறைக்கு ஓட வேண்டியதாகிவிட்டது. ஒரு பக்கக் கணக்குக்கு ஒரு நெறை என்று பெயர். பாலுக்காகப் பட்டையைக் கீறி மரம் வெட்டுகிறவர்களுக்கு ஆளுக்கொரு நெறை, அதாவது ஒரு வரிசை மரங்கள், பிரித்துக் கொடுப்பார்களாம். தன் நெறையை முடிக்காமல் அடுத்தவர் நெறைக்குப் போகக் கூடாது. ஷர்மினி தம்பிக்கு விடை சொல்லிக் கொடுத்தால், "உன் நெறையப் பாரு" என்று அதட்டல் விழும். முந்தின நாள் தப்பாகப் போட்ட கணக்கு ஒட்டுப்பால். மரத்திலும் கிண்ணத்திலும் காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும் பாலை மறுநாள் முதல் வேலையாக உரித்து எடுப்பார்களாம். அதுபோல நேற்றைய தப்பைச் சரிசெய்யாமல் இன்றைய பாடம் கிடையாது.

எல்லாவற்றையும் விட எனக்குப் புதிதாக இருந்தது பேர். காலையில் தட்டின சத்தத்துக்கு வந்து நின்று, நெறையை முடித்தால், சாயங்காலம் துளசி சத்தமாகச் சொல்வாள்: "ஷர்மினி, முழுப் பேர்." தாமதமாக எழுந்தாலோ பாதியில் விட்டாலோ, "அரைப் பேர்." அதைச் சொல்கிற உரிமை தண்டலுக்கு மட்டும்தான். வாரம் முழுக்க முழுப் பேர் விழுந்தால் சம்பளம் உண்டு. தாஷ்கண்டில் சம்பளம் என்றால் பூமிக்கடியில் ஓடுகிற ரயிலில் கடைசி நிறுத்தம் வரை போய் வருவது. ஈப்போவில், ஐஸைச் சீவி இனிப்பு ஊற்றித் தருகிற ஐஸ் கச்சாங்.

ஒரு நாள் மத்தியானம், மறுநாளைய கேன்டினுக்கு இருவரும் நெத்திலி கிள்ளிக்கொண்டிருந்தபோது கேட்டேவிட்டேன்.

"ஏம்மா, இதெல்லாம் யாரு சொல்லிக் கொடுத்தா? யூடியூப்பா?"

"யூடியூப்புல தோட்டமா காட்டுறாங்க?" என்று சிரித்தாள். பிறகு, தலையை நிமிர்த்தாமலே சொன்னாள். "போன புதுசுல ரொம்ப சுசா, கஷ்டம்கா. வெளிய பனி. அவரு வேலைக்குப் போயிருவாரு. மேசையில புத்தகத்த விரிச்சு வச்சுட்டு மூணு பேரும் ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் பாத்துக்கிட்டு உட்கார்ந்திருப்போம். இதுங்க அழும், அப்புறம் நானும் அழுவேன். நான் டீச்சரா? எஸ்.பி.எம். பரீட்சை முடிச்சிட்டு சிம்பாங் பூலாய்ல மார்பிள் கம்பெனியில டெலிபோன் எடுத்துக்கிட்டிருந்தவ. ஒரு நாள் கோபத்துல சட்டிய எடுத்துத் தட்டுனேன். ரெண்டும் பயந்து ஓடி வந்து நின்னுச்சுங்க. அட, நின்னுட்டாங்களேன்னு தோணிச்சு. ஒரு தோட்டமே தட்டுற சத்தத்துக்கு எந்திரிச்சு வந்து நிக்கும். மூணு பேரு நிக்க மாட்டோமா? எனக்குத் தெரிஞ்ச ஒழுங்கு அது ஒண்ணுதான்."

"அரைப் பேருன்னா உண்மையில என்னா?"

"அரை நாள் கூலி. எங்கம்மா பால் மரம் வெட்டுனவங்க. எனக்கு ஒரு தடவ காய்ச்சல்னு பெரட்டுக்கு லேட்டா போயிருக்காங்க. அன்னைக்கு அரைப் பேரு. சாகுற வரைக்கும் அந்தத் தண்டல திட்டுவாங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அடிப்பாவி. பெத்த தாயை வயிறெரிய வச்ச சமாச்சாரம். அதையே புள்ளைங்களுக்குப் போடுறியே?"

அவள் நெத்திலித் தலையைக் கிள்ளி வாளியில் போட்டாள். "எங்கம்மா பேச்சுல பாதி அந்த வார்த்தைங்கதான்கா. அதையும் விட்டுட்டா இதுங்ககிட்ட அவங்களப் பத்திப் பேச என்கிட்ட வேற ஒண்ணும் இல்ல."

அவள் பங்கு நெத்திலியில் பாதியை நானே என் பக்கம் இழுத்து வைத்துக் கிள்ளினேன். என்னைத் தெரிந்தவர்கள் நம்ப மாட்டார்கள்.

பள்ளியில் பிள்ளைகளைச் சோதித்துப் பார்க்கிற நாள் வந்தது. தலைமையாசிரியரிடம் நான்தான் பேசி ஏற்பாடு செய்திருந்தேன். முந்தின ராத்திரி ஷர்வினுக்குப் பயத்தில் தூக்கமில்லை, காலையில் டின் சத்தம் கேட்டும் எழவில்லை. துளசிக்கும் அன்றைக்குப் பதற்றம். "ஷர்வின், இன்னைக்கு அரைப் பேர்" என்று காலையிலேயே சொல்லிவிட்டாள். பையன் முகம் தொங்கிப் போயிற்று.

முதலில் ஷர்மினி. அவள் பள்ளிக்கூடம் பார்த்தவள், வாயாடி, என் ரத்தம். கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டு, அவர்கள் கேட்காததற்கும் சொன்னாள். பிறகு பிறப்புப் பத்திரத்தின் நகல் வேண்டும் என்றார்கள். மழை வரும்போல் இருந்ததால் துளசி ஷர்மினியை இழுத்துக்கொண்டு எதிர்ச்சாரியில் இருக்கும் போட்டோஸ்டாட் கடைக்கு ஓடினாள். நானும் ஷர்வினும் மட்டும் நித்யகல்யாணி டீச்சரின் அறையில்.

நித்யகல்யாணி டீச்சர் இளம் பெண். நல்ல பெண். ஈப்போவில் தலைமுறை தலைமுறையாக வியாபாரம் செய்கிற செட்டியார் வீட்டுப் பிள்ளை. என் கடையில் தினமும் சீனி குறைத்த தேநீர் குடிப்பவர். அவர் ஒரு வெள்ளைத் தாளையும் பென்சிலையும் ஷர்வின் பக்கம் நகர்த்தினார்.

"தம்பி, இதுல உங்க முழுப் பேர் போடுங்க, பார்ப்போம்."

ஷர்வின் தாளைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "இன்னைக்கு முழுப் பேர் இல்ல டீச்சர். அரைப் பேருதான்."

"பாதிதான் தெரியுமா? பரவாயில்ல, அதைப் போடுங்க."

"நான் போடக் கூடாது."

"ஏன்?"

"நம்ம பேர நாமளே போட்டுக்கக் கூடாது. தண்டலுதான் போடணும்."

"யாரு தண்டல்?"

"அம்மா."

டீச்சர் பொறுமையாகப் பென்சிலை எடுத்து அவன் கையில் வைத்தார். "அம்மாவுக்குத் தெரியாது. நீங்களே போடுங்க" என்றார். திருட்டு வேலைக்குக் கூப்பிட்டதுபோல் அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். வாசிக்கப் புத்தகத்தை விரித்தார். அவன் கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டு எழுத்தே தெரிந்திருக்காது. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றான், ஒரு சொல் வரவில்லை.

டீச்சர் என்னை வராந்தாவுக்குக் கூட்டிப் போனார். "விமலாக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. ஒன்பது வயசு. பேர் எழுதச் சொன்னா அம்மாதான் எழுதணும்ங்கிறான். பின்தங்கின புள்ளைங்களுக்குன்னு இருக்கிற குறைநீக்கல் வகுப்புல போட்டுப் பார்க்கலாம். டாக்டர்கிட்டயும் ஒரு தடவ காட்டிருங்க. மறுபடி வெளிநாட்டுக்குக் கொண்டுபோய் வீட்டுக்குள்ள வச்சிருந்தா புள்ளைக்குத்தான் கஷ்டம். இங்கேயே விட்டுட்டுப் போகச் சொல்லுங்க."

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது. நான் அர்ச்சனை வைத்தது இதற்குத்தானே? நான் ஒன்றும் பொய் சொல்ல வேண்டியதில்லை. தலையை ஆட்டினால் போதும். துளசிக்கு நடந்தது என்னவென்று தெரியவே தெரியாது, பையனும் சொல்ல மாட்டான். மூன்று வருஷம் என் வீட்டில் பேச்சுச் சத்தம் இருக்கும். குறைநீக்கல் வகுப்பு என்ன தூக்குமேடையா? ஒரு மாதத்தில் அவன் கெட்டிக்காரன் என்று அவர்களே கண்டுபிடித்து வகுப்பை மாற்றிவிடுவார்கள். இத்தனையும் யோசித்தேன். யோசித்துவிட்டு, "சரிதான் டீச்சர்" என்று சொல்ல வாயும் எடுத்தேன்.

ஜன்னல் வழியே பையன் தெரிந்தான். உட்காரச் சொல்லாததால் அவன் இன்னும் நின்றுகொண்டிருந்தான். மேசையில் தாள், பென்சில், அறையில் வேறு யாரும் இல்லை. அவன் தொடவில்லை.

"பாவம்கா, கொஞ்சம் மந்தமா இருக்கான்" என்றார் டீச்சர்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். கெட்டேன். "யாரும்மா மந்தம்?" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வகுப்பு திரும்பிப் பார்த்தது. "லேட்டா எந்திரிச்சதுக்கு இன்னைக்கு அவனுக்கு அரைப் பேரு. அரை நாள் கூலின்னு அர்த்தம். அதை முழுசுன்னு அவனே எழுதிக்கிட்டா அது திருட்டு. நீங்க எழுதச் சொல்றீங்க, அவன் மாட்டேங்கிறான். ஆளில்லாத அறையில பென்சிலத் தொட மாட்டேங்கிறவன் மந்தமா? நம்ம ஸ்கூல்ல எத்தன பேரு அப்படி நிப்பாங்க, சொல்லுங்க."

பெரட்டு, நெறை, தண்டல் எல்லாவற்றையும் மூச்சு விடாமல் கொட்டினேன். நித்யகல்யாணி டீச்சருக்குக் கோபம் வரவில்லை. கண்ணை விரித்துக் கேட்டார். நான் பெருக்கிய இடத்தையே பெருக்கிக்கொண்டு கேட்ட மாதிரி, அவருக்கும் அது புதுக் கதையாக இருந்தது. "ஒட்டுப்பால்னா என்னக்கா சொன்னீங்க?" என்று இரண்டாம் தடவை கேட்டுக்கொண்டார். பிறகு உள்ளே போய்ப் பையன் உயரத்துக்குக் குனிந்தார்.

"ஷர்வின், டீச்சர் வேற பேரச் சொன்னேன். பொறந்தப்ப உங்களுக்கு வச்சாங்கல்ல, அந்தப் பேர எழுதிக் காட்டுறீங்களா?"

அவன் முகம் தெளிந்தது. "அதுவா டீச்சர்? அது அரையா ஆகாது" என்றான். பென்சிலை எடுத்தான். ஷர்வின் த/பெ ஜெயபாலன் என்று தமிழில் எழுதினான், கீழே மலாயில் எழுதினான், அதற்குக் கீழே தாஷ்கண்டு எழுத்தில் ஒன்றை எழுதினான். அதற்குப் பிறகு அவனை நிறுத்துவதுதான் கஷ்டமாக இருந்தது. வாசித்தான். பின்னக் கணக்கு போட்டான். ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டு, "இது நாளைக்கு ஒட்டுப்பால்" என்றான்.

துளசி நனைந்துகொண்டே நகலோடு வந்தபோது டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, இரண்டு பிள்ளைகளும் அவரவர் வயது வகுப்பில் தாராளமாக உட்காரலாம் என்றார். துளசிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிறப்புப் பத்திரத்தை என்னிடம் கொடுத்து, டீச்சரிடம் கொடுக்க வேண்டிய நகலைத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

திரும்பும்போது அவள்தான் என் மைவி காரை ஓட்டினாள். ஷர்வின் பின்னாலிருந்து நடந்ததையெல்லாம் வரி விடாமல் ஒப்பித்தான். டீச்சர் அழ வைத்தது, அத்தை சத்தம் போட்டது, எல்லாம். துளசி சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிவப்பு விளக்கில் நின்றதும் கேட்டாள்.

"நீங்க ஒண்ணும் சொல்லாம இருந்திருந்தா நாங்க இங்கதானே இருந்திருப்போம்?"

"ஆமா."

"உங்களுக்கு அதுதானே ஆசை? எனக்குத் தெரியும்கா."

"தெரியுதுல்ல, பேசாம ஓட்டு. புள்ளைய மந்தம்னா கேட்டுக்கிட்டு நிக்கச் சொல்றியா?"

பச்சை விழுந்தது. அவள் வண்டியை எடுக்கவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவள் அழுதுகொண்டிருந்தாள்.

சாயங்காலம் தம்பி கூப்பிட்டான். துளசியை அல்ல, என்னைத்தான். "அக்கா, அவ பெருமைக்குச் சொல்லுவா. நீ மறைக்காமச் சொல்லு. டிக்கெட் ஒண்ணா, நாலா?"

ஒரே நாளில் இரண்டு தடவை என்னைச் சோதித்தால் சாமியை என்னவென்று சொல்வது? "நாலு போடுடா" என்றேன். "உன் பெண்டாட்டி மாதிரி ஒருத்தி நம்ம வீட்டுக்கு வந்ததுக்கு நாம என்ன புண்ணியம் செஞ்சிருக்கோம்னு தெரியல. நாலு போடு."

போனை அவளிடம் நீட்டிவிட்டு அடுப்படிக்குப் போனேன். குழாயைத் திறந்துவிட்டு நன்றாக அழுதேன். கூடத்தில் அவர்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். டாக்காரில் பனி பெய்யுமா, ரயில் உண்டா, கடலில் குளிக்கலாமா என்று ஷர்வின் கேட்டுக்கொண்டே இருந்தான்.

துளசி போனும் கையுமாக அடுப்படி வாசலில் வந்து நின்றாள். "அக்கா, ஸ்கூல் ஹாலிடேயில நீங்க டாக்கார் வாரீங்களான்னு அவரு கேக்குறாரு."

"நான் வந்துட்டா கேன்டின யாரு பாத்துக்குவா?" என்றேன்.

பள்ளி விடுமுறையில் கேன்டின் பூட்டித்தான் கிடக்கும். அது அவளுக்கும் தெரியும். அவள் போனைக் காதில் வைத்து, "யோசிச்சுச் சொல்றாங்களாம்" என்றாள்.